புகைக்குப் பயந்து கொடுத்த பிள்ளை

ஓதோன் காரிலிருந்து இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்குவாள். எங்கள் மேட்டுத் தெருவுக்கு வந்தால் அவளுக்கு அது ஒரு சடங்கு. அவளுடைய தம்பி ஹிஷ்கே இங்கேதான் கூடாரம் போட்டுக் குடியிருந்தான். பெண்டாட்டி பெயர் உர்னா. தெரு முனையில் கரிக்கட்டி விற்கிற கடைக்காரி நான்தான். என் பெயர் சிம்கே. உலான்பாத்தரில் குளிர்காலம் முழுக்க வானம் கண்ணில் படாமல் இருப்பதற்கு யாரையாவது திட்ட வேண்டுமென்றால் என்னையும் சேர்த்துத் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மைனஸ் முப்பத்தைந்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டுக் காட்டுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

உர்னா மேய்ச்சல்காரக் குடும்பத்துப் பெண். ஒரு கொடும்பனி வருஷத்தில் அவர்களுடைய ஆடு, மாடு, குதிரை எல்லாம் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்துவிட்டன. மிச்சமிருந்த கூடாரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தார்கள். வந்த இடத்தில் ஹிஷ்கேயைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். நல்ல பையன்தான், ஆனால் வாயில் பசை போட்டு ஒட்டினதுபோல இருப்பான். அக்கா முன்னால் அந்தப் பசை இன்னும் இறுகிவிடும். அப்பா அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்துப் படிக்கவைத்தவள் ஓதோன். அதை அவளும் மறக்கவில்லை, அவனையும் மறக்கவிடவில்லை.

உர்னாவின் முதல் பிள்ளை பெண். எட்டு மாதத்தில், நடுக் குளிர்காலத்தில், நிமோனியாவில் போய்விட்டது. அதற்குப் பிறகு பையன் பிறந்தான். அவனுக்கு எனெபிஷ் என்று பெயர் வைத்தார்கள். 'இவனில்லை' என்று அர்த்தம். பிள்ளை தங்காத வீட்டில் நாங்கள் அப்படித்தான் வைப்போம். எமன் வாசலில் வந்து நின்று விசாரித்தால், இவனில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமே என்கிற நப்பாசை. எமன் அவ்வளவு ஏமாளியா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் ஒரு தம்பி அந்த மாதிரிப் பெயரோடு இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறான்.

பனி விழ ஆரம்பித்ததும் எனெபிஷுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒரு தடவை ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. படுக்கை கிடைக்காமல் நடைபாதையில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு இரண்டு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு அம்மா, எல்லா அம்மாக்கள் மேலும் எங்கள் தெருக்களின் கரி வாடை. உர்னாவுக்குப் பால் தேநீர் கொண்டுபோன அன்று நானும் அங்கே இருந்தேன். டாக்டர் ஒரு சின்னப் பெண். தூங்கி ரொம்ப நாளான முகம்.

"குளிர் மட்டும்னா தாங்கிடுவான். புகை மட்டும்னாகூட கொஞ்ச நாளைக்கு இழுத்துப் பிடிப்பான்," என்றாள். "ரெண்டும் ஒண்ணா நெஞ்சுல ஏறி உக்காந்தா இத்தனூண்டு நுரையீரல் என்ன பண்ணும்? பனி உருகற வரைக்கும் இவனைத் திரும்ப அந்தப் புகைக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க."

"வேற எங்க போறது டாக்டர்?" என்று உர்னா கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஒரு இடம் சொல்வாள் என்று நினைத்துத்தான் கேட்டாள். டாக்டர் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

பிள்ளையை மறுபடி கூடாரத்துக்கே கொண்டுவந்த சமயத்தில்தான் ஓதோன் வந்தாள். வங்கியில் வேலை, ஊருக்குத் தெற்கே அபார்ட்மெண்ட், குழாயில் சுடுதண்ணீர் ஓடி வீட்டையே சூடாக்குகிற வசதி, அறைக்கு ஒரு காற்று சுத்தம் பண்ணுகிற மெஷின். பிள்ளை மட்டும் இல்லை. சீனாவுக்குப் போய் வைத்தியம் பார்த்தாள், லாமாக்களிடம் போனாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் புருஷனும் போய்விட்டான். எங்களில் பிள்ளையில்லாதவளுக்குச் சொந்தத்தில் ஒருத்தர் பிள்ளை கொடுப்பது காலகாலமாக நடப்பதுதான். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கொடுக்கிறவள் மட்டும் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள்.

உர்னா வீட்டில் நான் கரி மூட்டையை இறக்கிவைக்கப் போன நேரம் ஓதோன் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பிள்ளை துணிச்சுற்றலுக்குள் கர், கர் என்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"பிள்ளைய நான் எடுத்துக்கறேன்," என்றாள் ஓதோன்.

உர்னாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பனி உருகற வரைக்கும் வச்சுக்கறீங்களா அண்ணி? நான் தெனம் வந்து பால் குடுத்துட்டு..."

"பனி உருகற வரைக்கும் வச்சுக்க நான் என்ன ஆயாவா? ராத்திரி பகலா கண்முழிச்சுப் பாத்து, பாசத்த வச்சப்புறம் வசந்தத்துல வந்து பிடுங்கிட்டுப் போவீங்க. நான் வெறும் வீட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். குடுக்கறதுன்னா முழுசாக் குடு."

ஹிஷ்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், உன்னை ஆளாக்கினவ கேக்கறேன்," என்றாள் அவள். "எனக்குன்னு இதுவரைக்கும் எதாவது கேட்டிருக்கேனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா ஓதோன், தம்பிய வளத்ததுக்கு வட்டியா பிள்ளைய எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"கரி விக்கற வாய் பேசுது பாரு," என்றாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "இந்தப் பிள்ளை நெஞ்சுல இருக்கறது உன் கடைச் சரக்குதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.  உர்னாதான் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "எம்பிள்ளை எங்கிட்டயே இருப்பான், அண்ணி. நான் காப்பாத்திக்கறேன்," என்றாள். ஓதோன் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டாள். "ஒருத்தியக் காப்பாத்தினியே, அந்த மாதிரியா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்படியும் ஒரு பொம்பளை பேசுவாளா! செருப்பால் அடித்திருக்கலாம், வலி குறைவாக இருந்திருக்கும்.

அதிலிருந்து உர்னா போருக்குக் கிளம்பினாள். கூடாரத்தைச் சுற்றி உள்பக்கமாகப் பிளாஸ்டிக் தாள் கட்டினாள். கதவிடுக்கில் ஈரத்துணி சொருகினாள். அது ஐஸாகி விறைத்ததும் எடுத்துவிட்டு இன்னொன்று சொருகினாள். கூரை நடுவில் காற்றுக்காக விட்டிருக்கிற வட்டத்தின் மேல்மூடியை இழுத்து இறுக்கிக் கட்டினாள். ஹிஷ்கே பழைய சாமான் சந்தையில் ஒரு காற்று மெஷின் வாங்கிவந்தான். அது நல்ல நாளிலேயே இருமிக்கொண்டுதான் ஓடும், கரண்ட் போனால் அதுவும் கிடையாது. சாயங்காலமானால் மேட்டிலிருக்கிற அத்தனை அடுப்பும் ஒன்றாகப் பற்றும். குளிர் அந்தப் புகையை மேலே போகவிடாமல் எங்கள் தலைமேலேயே அழுத்திவைக்கும். நீங்கள் எத்தனை துணி சொருகினால் என்ன, உங்கள் அடுப்பே உள்ளேதானே இருக்கிறது!

அதையும் அவள் யோசித்தாள். தன் அடுப்பின் புகையாவது பிள்ளைக்குப் போகக்கூடாது என்று கரியைக் குறைத்தாள். குறைத்தால் குளிர் ஏறியது. குளிர் ஏறினால் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. மறுபடி கரி போட்டாள். பகல் முழுக்க இந்த ஒரே வேலைதான். பூஸ் கொழுக்கட்டை அவித்து நான் கொண்டுபோய் வைத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும்.

"அடியே, நீ சாப்பிட்டாத்தானே அவனுக்குப் பால்," என்று சத்தம் போடுவேன்.

"இருங்க சிம்கே அக்கா, மூச்ச எண்ணிட்டிருக்கேன்," என்பாள்.

ஒரு நாள் காலை கடையைத் திறந்து கரிக்கட்டி மூட்டைகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கக் கூடாரங்களின் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. உர்னா வீட்டுப் புகைபோக்கியில் மட்டும் ஒரு இழைகூட இல்லை. அந்தக் குளிரில், அந்த நேரத்தில், புகையில்லாத வீடு என்றால் ஒன்று ஆள் ஊரில் இல்லை, இல்லையென்றால் ஆளே இல்லை. ஹிஷ்கே பஸ் எடுக்க விடியுமுன்பே போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்றால் என் உடம்புக்கு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

கதவைத் திறந்ததும் இதமான சூடு முகத்தில் அடித்தது.  புகைபோக்கியின் வழியை அடைக்கிற தகட்டை அவள் சாத்தியிருந்தாள். மேய்ச்சல் நிலத்தில் அவர்கள் காய்ந்த சாணி எரிக்கிறவர்கள். ஜுவாலை அடங்கியதும் தகட்டைச் சாத்தினால் சூடு உள்ளேயே நிற்கும், அவள் அம்மாவும் அதைத்தான் செய்தாள், அவள் பாட்டியும் அதைத்தான் செய்தாள். கரி குறைவு, புகை குறைவு, சூடு மட்டும் மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இந்தக் கரிக்கட்டி சாணி இல்லை. ஜுவாலை இல்லாமல் கமுக்கமாகக் கனிந்துகொண்டு, வாடையே இல்லாத ஒரு விஷத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூடாரத்தில் அதற்கு வெளியே போக அவள் ஒரு ஓட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

உர்னா அடுப்போரம் சாய்ந்து கிடந்தாள். வாயோரம் வாந்தி. தலைமுடியைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "தல வலிக்குது, அம்மா," என்றாள். என்னைத் தன் அம்மா என்று நினைத்துவிட்டாள். பிள்ளை துவண்டிருந்தது. அதை வாரி எடுத்து என் தேல் அங்கிக்குள்ளே மார்போடு போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அவளை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வந்து நின்றுவிட்டேன்.

உள்ளே விஷம். வெளியே, சாணி மெழுகினாற்போல் மஞ்சளாக ஒரு புகை, அதற்குள் ஊசி ஊசியாகக் குளிர். மூச்சை இழுத்தால் என் நெஞ்சே பிளக்கிறது, வருஷக்கணக்கில் கரி தின்ற நெஞ்சு. இந்தப் பிள்ளைக்கு எந்தக் காற்றைக் கொடுப்பேன்? ஒரு எட்டு வெளியே வைத்தேன், அது முக்கி முக்கி இருமியது. ஒரு எட்டு உள்ளே வைத்தேன், அடங்கிப்போனது. கடவுளே, ஒரு கைப்பிடி காற்று, ஒரு குருவிக்குப் போதுமான காற்று, அந்தத் தெருவில் கிடையாது! நான் ஓவென்று கத்தினேன். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள், யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அது மேடேறி வந்து சேரும்வரை பிள்ளை அங்கிக்குள் என் மார்பை ஈரமாக்கிக்கொண்டிருந்தது. அது மூச்சா வாந்தியா என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிழைத்தார்கள். இரண்டு பேரும். அந்தச் சின்ன டாக்டர் உர்னாவைத் திட்டவில்லை. ஹிஷ்கே அழுதுகொண்டே நின்றான். உர்னா அழவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பிள்ளையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு புருஷனிடம், "உங்க அக்காவுக்குப் போன் பண்ணுங்க," என்றாள். "முழுசாவே குடுத்துடறேன்னு சொல்லுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் ஹிஷ்கேயும் உர்னாவும் நேராக ஓதோன் வீட்டுக்குத்தான் கிளம்பினார்கள். பிள்ளையை அவளால் தூக்க முடியவில்லை, அதனால் நானும் கூடப் போனேன். கிளம்புகிற அவசரத்திலும் உர்னா, பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த சட்டிக் கரியை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் ஒரு தீற்று இழுத்தாள். பிள்ளையை வெளியே எடுத்துப்போனால் கண்ணேறுக்கு அதைப் பூசாமல் யாரும் போக மாட்டோம்.

அபார்ட்மெண்ட் லிப்டில் எங்களோடு ஏறின ஒரு கோட்டு சூட்டுக்காரன், கழுத்துத் துணியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "என்னய்யா, நாங்க நாறறோமா?" என்று கேட்டேன். அவன் செல்போனைப் பார்த்தான்.

ஓதோன் கதவைத் திறந்து, முதலில் சொன்ன வார்த்தை, "மேலுடுப்ப வெளியவே கழட்டிடுங்க." கழற்றினோம். படிக்கட்டுத் தரையில் எங்கள் அங்கிகள் குவியலாகக் கிடந்தன. உள்ளே காற்று சுத்தமாக இருந்தது என்று நான் சொன்னால் அது குறைவு. ஒரு மூச்சு இழுத்ததும் எனக்குத் தலையே சுற்றியது. பாவிகள், இப்படியா மூச்சுவிடுகிறார்கள் தினமும்!

ஓதோன் பிள்ளையை வாங்கினாள். ஈரக் காகிதத்தை எடுத்து நெற்றிக் கரியைத் துடைத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை, தோல் சிவக்கும்வரை.

"கரியால செத்துப் பிழைச்ச பிள்ளைக்குக் கரியையே பூசிக் கொண்டுவந்திருக்கா பாரு," என்றாள். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கும் கண் தளும்பிவிட்டது. "தேமூலென்," என்று கூப்பிட்டாள். "இனிமே உம்பேரு தேமூலென்டா."

"கடைசியா ஒரு தரம் பால் குடுத்துக்கட்டுமா அண்ணி?" என்று உர்னா கேட்டாள்.

"வேணாம். மேலெல்லாம் புகை. பவுடர் பால் வாங்கி வச்சிருக்கேன்."

ஹிஷ்கே அப்போதாவது ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தேன். பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பிள்ளை குடிக்காத பால் உர்னாவுக்குக் கட்டி, தானாக வழிய ஆரம்பித்தது. அங்கியை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது. வந்த மாத்திரத்தில் குளிரில் விறைத்தது. மார்பின் மேல் இரண்டு வட்டமாக, தகடு மாதிரி. அவள் அதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என் அங்கியைப் பிரித்து அவளை உள்ளே இழுத்துப் போர்த்திக்கொண்டேன். திட்டுவதற்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை எனக்கு, எதிரே வந்த பஸ்ஸைத் திட்டினேன்.

குளிர்காலம் முடியும்வரை அவளை அந்த வீட்டுப் பக்கம் ஓதோன் சேர்க்கவில்லை. துணியில் புகை ஏறி வருமாம். உர்னா தினமும் என் கடைக்கு வந்து, மூட்டைமேல் உட்கார்ந்து, "இப்போ எந்திரிச்சிருப்பான், இப்போ குளிப்பாட்டுவாங்க," என்று பேசிக்கொண்டிருப்பாள். பனி உருகி, வானம் நீலமாகத் தெரிந்த முதல் வாரத்தில் பொதுக் குளியலறைக்குப் போய்த் தோல் உரியத் தேய்த்துக் குளித்தாள். புதுத் துணி உடுத்தினாள். ஓதோன் வீட்டுக்கு நானும் கூடவே போனேன்.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். மூச்சில் ஒரு கரகரப்பு இல்லை. அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் எனக்கே அத்தனை சந்தோஷம். உர்னா கையை நீட்டினாள். அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். வீறிட்டுக் கத்திக்கொண்டு ஓதோனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"புது மனுஷங்களக் கண்டா பயப்படறான்," என்றாள் ஓதோன். அதில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் உர்னா, "மூச்சு எவ்வளவு நல்லா வருது பாத்தீங்களா அக்கா? ஒரு சத்தம் இல்ல, பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இலையுதிர் காலம் வந்தது. கடையில் புதுச் சரக்கு இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் மேட்டில் முதல் முதலாக அடுப்புகள் பற்றவைத்திருந்தார்கள். ஓதோனின் கார் வந்து நின்றது. பின்சீட்டில் தேமூலென், கையில் ஒரு பொம்மை. அவள் இறங்கவில்லை. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

"சிம்கே, உர்னா மறுபடி உண்டாயிருக்காளாமே? நெசமா?"

"அதுக்கென்ன இப்போ?"

"எங்க கட்டடத்துலயே எனக்கு ஒரு சிநேகிதி. பத்து வருஷமா பிள்ளை இல்ல. நல்ல இடம், பெரிய வீடு. இவனப் பாத்துப் பாத்து ஏங்கறா. நான் சொன்னா உர்னா என்னைத் தப்பா எடுத்துக்குவா. நீ பதமா ஒரு வார்த்தை..."

"அடிப் பாதகத்தி!" என் கையில் கரிக்கட்டி இருந்தது, அதைக் கண்ணாடிமேல் எறிந்திருப்பேன், உள்ளே பிள்ளை இருந்ததால் எறியவில்லை. "என்னடி நெனச்சிட்டிருக்க? இது என்ன பட்டியா, குளிருக்கு ஒரு குட்டின்னு ஓட்டிட்டுப் போக?"

ஓதோன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். உர்னா தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தாள், கரி வாங்க வந்திருக்கிறாள். அங்கியை மீறி வயிறு தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உர்னா, நீ போடி வீட்டுக்கு," என்றேன். "நான் பேசிக்கறேன் இவகிட்ட."

அவள் என்னைத் தாண்டிக் காருக்குப் பக்கத்தில் போனாள். மூடிய கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்தாள். அவன் பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த விரலளவு இடைவெளியருகே குனிந்தாள்.

"அந்தம்மா வீடு எத்தனாவது மாடி, அண்ணி?"

"பன்னெண்டு," என்றாள் ஓதோன். "ஏன்?"

"அவ்வளவு உசரத்துக்குப் புகை ஏறாதில்ல?"

"ஏறாது."

உர்னா தலையாட்டினாள். "அப்போ ஆஸ்பத்திரியிலேர்ந்தே நேரா எடுத்துட்டுப் போயிடச் சொல்லுங்க. இந்தத் தெருவுக்குள்ள கொண்டுவரவே வேணாம்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு மூட்டை கரி எடுத்துவைக்கச் சொன்னாள்.